சிப்பிக்கு எழுதிய பெயர்

மன்னாரில் "போத்தல் அம்புறோஸ்" என்றால் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். பெயரைக் கேட்டுக் குடிகாரன் என்று எண்ணிவிடக் கூடாது. கோயிலில் பூசை வைன் போத்தலைத் திறக்கும்போது எழும் வாசத்தைத் தவிர வேறு மதுவை அந்த மனிதர் அறியமாட்டார். அவருடைய போத்தல்கள் வேறு வகை. நண்டும், நட்சத்திர மீனும், கடலட்டையும் ஸ்பிரிற்றில் ஊறிக் கிடக்கும் கண்ணாடிப் போத்தல்கள். கடற்கரையோரம் இருந்த ஒரு சிறிய அரசாங்க அலுவலகத்தில், அந்தப் போத்தல்களுக்குப் பெயர்த்துண்டு எழுதி ஒட்டுவதுதான் அவர் உத்தியோகம். முத்துச்சிப்பியைப் பற்றி ஆராய்கிற இடம் என்பதால் சனங்கள் அதைச் "சிப்பிக் கந்தோர்" என்றார்கள்.

பேசாலையில் ஒரு வலைகாரர் வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் அவர். பதினைந்து வயதில் சுவாமியாராகப் போவதற்கென்று யாழ்ப்பாணத்துக் குருமடத்திற்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் லத்தீன் படித்தார். நாலாம் வருடம் நெருப்புக்காய்ச்சல் வந்து, பாயில் சுருட்டிய கொடியைப் போல வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெற்ற தாய் மறுபடியும் போக விடவில்லை. "ஆண்டவருக்கு வேற பிள்ளையள் இருக்கினம், எனக்கு இவன்தான் மிச்சம்" என்று அவள் அழுத அழுகையில் குருமடம் முடிந்தது. லத்தீன் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம் கந்தோரில் இந்த வேலை கிடைத்தபோது, முதல் நாளே அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அலுமாரி நிறைய லத்தீன்! செத்த மொழி என்று எல்லோரும் சொன்ன மொழி, இங்கே நண்டின் முதுகிலும் நாரையின் காலிலும் உயிரோடு குந்திக்கொண்டிருந்தது. லத்தீனில் பிடிபடாததெல்லாம் கிரேக்கம் என்று தெரிந்ததும், பழைய அதிகாரி ஒருவர் விட்டுப்போன தடித்த அகராதியைத் தூசி தட்டி எடுத்தார். அன்று தொடங்கிய பைத்தியம். ஒவ்வொரு பெயரையும் உடைப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு பெயர்த்துண்டின் பின்பக்கத்தில் பென்சிலால் தமிழில் குறித்து வைப்பார்.

கந்தோர்த் தோணியை ஓட்டும் சனூனை, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் வழக்கப்படி, எல்லோரும் காக்கா என்பார்கள். அவருக்கு இது பெரிய பகிடி.

"தம்பி, இண்டைக்கு எந்தப் பேரை உடைச்சீர்?"

"பூநாரையை, காக்கா. பினிகொப்தெருஸ். பினிக்ஸ் எண்டால் கருஞ்சிவப்பு. ப்தெறொன் எண்டால் சிறகு. சிவந்த சிறகன்!"

"அதைப் பார்த்தாலே தெரியுதே. இதுக்கு ஒரு அகராதியோ?"

"பார்த்தாத் தெரியிறதைத்தான் காக்கா பேராய் வைச்சிருக்கினம். பனைக்கு என்ன பேர் தெரியுமோ? பிளாபெல்லிபெர். விசிறி சுமக்கிறது எண்டு அர்த்தம். எங்கட பெருக்கமரத்துக்கு டிஜித்தாத்தா. விரல் உள்ளது. இலையைப் பாரும், அஞ்சு விரல் விரிச்ச கை மாதிரி இல்லையோ?"

சனூன் காக்கா பெருக்கமரத்து இலையைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறவர்தான். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு இலையைப் பறித்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாராம்.

இப்படிப் பெயர்களோடு குடித்தனம் நடத்திய மனிதருக்கு முப்பத்தொன்பது வயதில் ஒரு பெண் பொருந்தி வந்தது. கீரி என்ற கரையோர ஊரைச் சேர்ந்த அன்னப்பிள்ளையின் மகள் மாகிறேற். முப்பத்திநாலு வயது. தகப்பன் கடலோடு போன பிறகு கருவாடு போட்டுக் குடும்பத்தைத் தாங்கியவள். நாலு வருடத்துக்கு முன் ஒரு சம்பந்தம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டுக்காரி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாத்தம் பிடிச்ச மட்டமான ஆக்கள்" என்று முற்றத்தில் நின்று சொன்னதோடு முறிந்துபோனது. அந்தச் சொல் மாகிறேற்றின் நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்தி நின்றது. விழுங்கவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் கலியாணப் பேச்சே வேண்டாம் என்றிருந்தாள். அம்புறோஸைப் பார்த்தபோது மட்டும், "இந்த மனுசன் மூக்கைச் சுளிக்கேல்லை" என்று தாயிடம் சொன்னாளாம். நாள் முழுக்க ஸ்பிரிற் மணத்தில் இருக்கிறவருக்குக் கருவாடு என்ன செய்யும்!

கலியாணத்துக்கு எழுதிக் கொடுப்பதற்காக இருவரின் ஞானஸ்நானச் சீட்டுகளும் அம்புறோஸின் கைக்கு வந்தன. அந்தக் காலத்துச் சீட்டுகள் லத்தீனில் இருக்கும். பெண்ணின் சீட்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சுவாமியார் சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தார்: மர்கரீத்தா.

அம்புறோஸ் அதை இரண்டாம் முறை வாசித்தார். மர்கரீத்தா! கிரேக்கத்தில் முத்து. கந்தோரின் பழைய பட்டியலில் முதற் பக்கத்தில், முதல் வரியில், மன்னார் முத்துச்சிப்பிக்கு எழுதியிருந்த பெயர் அதுதானே! மர்கரித்திபெரா வுல்காரிஸ். எட்டு வருடமாகத் தன் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த பெயருக்குச் சொந்தக்காரி கீரியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்!

கோயிலில் கலியாண அறிவிப்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும். இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும், அம்புறோஸ் ஒரு சிறிய கண்ணாடி மூடிப் பெட்டியை மாகிறேற்றின் கையில் கொடுத்தார். உள்ளே பஞ்சின் மேல் ஒரு சிப்பியின் இரண்டு பாதியும் வானவில் போல மினுங்கின. கீழே, கறுப்பு மையில், தன் வாழ்நாளில் எழுதியதிலேயே அழகான எழுத்தில், அந்தப் பெயர். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வெட்கம். தன் பெயரை அவள் கண்டுபிடித்துக்கொள்வாள் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டி கந்தோருக்குத் திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் மாகிறேற்றின் தமையன் எட்வேட். தலைமன்னாரில் கிளாக்கர். ஒரு நாள் பிந்தி வரும் இங்கிலீஸ் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவர்.

"மிஸ்டர் அம்புறோஸ், எங்கட குடும்பம் எண்டால் உமக்குப் பகிடியோ?"

"என்ன சொல்லுறியள்?"

"வல்காரிஸ்! இது என்ன எண்டு எனக்கு விளங்காது எண்டு நினைச்சீரோ? வல்கர்! அசிங்கம்! என்ர தங்கச்சியின்ர பேரை எழுதி, பக்கத்தில அசிங்கம் எண்டு எழுதி, கண்ணாடி போட்டுக் குடுத்திருக்கிறீர்!"

"ஐயோ, அது சிப்பியின்ர பேர்..."

"நடுவில ஒரு 'பெரா' வேற! லூசிபெர் எண்ட பேய் ஆர் எண்டு நானும் ஞானோபதேசம் படிச்சனான் காணும்!"

"லூசிபெர் எண்டாலும் ஒளியைச் சுமக்கிறவன் எண்டுதான் அர்த்தம். பெரோ எண்டால் சுமக்கிறது..."

"பேய்க்கும் நியாயம் சொல்லுறீரோ! தங்கச்சி சொல்லிவிட்டவள். மூண்டாம் அறிவிப்பு வாசிக்கத் தேவையில்லை."

எட்வேட் போய்விட்டார். கதவோரம் நின்ற சனூன் காக்கா தாடியைத் தடவினார்.

"தம்பி, பொம்பிளை, பேய், அசிங்கம். மூண்டையும் ஒரு பெட்டிக்குள்ள அடைச்சிட்டீரே!"

அம்புறோஸுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொன்பது வருடம் தனிமையைப் பழகியிருந்த மனம், இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பழக்கத்தை முழுவதும் மறந்துவிட்டிருந்தது. இனித் திரும்பப் பழக முடியுமா?

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கீரிக்குப் போனார். கரையில் சாக்கு விரித்து, குனிந்து நின்று சூடை மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள் மாகிறேற். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது அசிங்கம் இல்லை, பிள்ளை. உங்கட அண்ணைக்கு இங்கிலீஸ் தெரியும், லத்தீன் தெரியாது. வுல்காரிஸ் எண்டால்... பொதுவானது. சாதாரணமானது."

புரட்டிய கை நின்றது.

"அண்ணை அசிங்கம் எண்டார். நீங்கள் சாதாரணம் எண்டுறியள். ரெண்டில எது எனக்குப் போதும் எண்டு நினைச்சு வந்தனீங்கள்?"

"அப்பிடி இல்லை..."

"மட்டமான ஆக்கள் எண்டு ஒருத்தி வாயால சொன்னாள். அதுக்கே நாலு வருசம் நான் வெளியில தலை காட்டேல்லை. நீங்கள் படிச்ச மனுசன். மையில எழுதி, பெட்டி செய்து குடுத்தியள்."

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. காய்ந்துகொண்டிருந்த சூடைக்கு அந்த உப்பும் சேர்ந்தது. உள்ளேயிருந்து அன்னப்பிள்ளை வந்து, "தம்பி, இண்டைக்குப் போங்கோ. அவளுக்கு இப்ப காது கேளாது" என்று மெதுவாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை சனூன் காக்கா ஒரு வழி சொன்னார். "பின்னால கிடக்கிற சொல்லை வெட்டிவிடும். முன்னுக்கு இருக்கிறது போதுமே. முத்து எண்டு ஆச்சு, கதை முடிஞ்சுது."

"அரைப் பேர் எழுதினால் எந்தச் சிப்பி எண்டு தெரியாது, காக்கா."

"அந்தச் சிப்பி வந்து உம்மில வழக்குப் போடப் போகுதோ?"

காக்கா போன பிறகு, அம்புறோஸ் புதிதாக ஒரு துண்டு வெட்டினார். மர்கரித்திபெரா என்று எழுதினார். பேனை நின்றது. பிறகு, நோபிலிஸ் என்று எழுதினார். உயர்குலத்தது, மேன்மையானது! மன்னார்த் தீவு முழுக்கத் தேடினாலும் அது பிழையென்று சொல்ல ஓர் ஆள் இல்லை. எட்வேட்டுக்குக்கூட "நோபிள்" விளங்கும். விளங்கி வாயடைத்துப் போவார். ஒரு சொல். ஒரு சொல்லில் கலியாணம் திரும்பி வந்துவிடும்.

மை காயும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டாகக் கிழித்து மேசை லாச்சிக்குள் போட்டார். அந்தச் சிப்பிக்கு அது பெயரில்லை. பொய்ப் பெயரைக் கொடுத்து வாங்கிய பெண்ணை எந்த முகத்தோடு பீடத்தின் முன் கூட்டிக்கொண்டு போவது?

வெள்ளிக்கிழமை சுவாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். சுவாமியார் வாய்விட்டுச் சிரித்து, பிறகு அம்புறோஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான் வேணுமெண்டால் பிரசங்கத்தில லத்தீன் விளக்கம் சொல்லட்டோ?"

"வேண்டாம் சுவாமி. ஊரே கேட்டுச் சிரிச்சால் அவள் தாங்கமாட்டாள்."

"அப்ப எனக்கு வேற வழியில்லை. பெண்ணுக்கு மனமில்லையெண்டால் நான் வாசிக்கேலாது. நாளைக்குப் பின்னேர மணி அடிக்கிறதுக்குள்ள எனக்குச் செய்தி வரவேணும்."

சனிக்கிழமை கந்தோர் பன்னிரண்டு மணியோடு மூடும். அதிகாரியும் மற்றவர்களும் போய்விட்டார்கள். அம்புறோஸ் வீட்டுக்குப் போக மனமில்லாமல் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, உம்மைத் தேடி ஆள்" என்று சனூன் காக்காவின் குரல் கேட்டது.

வாசலில் மாகிறேற்! வெளுத்த சேலை, வெயிலில் சிவந்த முகம். பின்னால் அன்னப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நாலு நாளாய்ச் சாப்பிடேல்லை, தம்பி. தான் ஒருக்கா வந்து கண்ணால பார்க்கவேணுமாம்" என்றாள்.

மாகிறேற் போத்தல் தட்டுகளின் முன்னால் போய் நின்றாள். கடலில் இருந்து வந்த எல்லாவற்றையும் பிறந்த நாளிலிருந்து அறிந்தவள். ஆனால் அவை இப்படி வரிசையாக, பெயர் சூடிக்கொண்டு நிற்பதை இன்றுதான் பார்க்கிறாள்.

"வாசியுங்கோ. பொய் சொல்லாமல் வாசியுங்கோ" என்றாள்.

அவர் வாசித்தார். கடலட்டைக்கு ஸ்காப்ரா. சொரசொரப்பானது. "ஓம், கையில பிடிச்சால் அப்பிடித்தான்" என்றாள். பக்கத்தில் பாடம்பண்ணி நிறுத்தியிருந்த நெட்டைக்கால் பறவைக்கு ஹிமான்தொபுஸ். தோல்வார்க் காலன். அன்னப்பிள்ளை கதிரையில் இருந்தபடியே சிரித்தாள். அடுத்த போத்தலில் ஒரு பேய்க்கணவாய் எட்டுக் காலையும் சுருட்டிக்கொண்டு கிடந்தது. அம்புறோஸ் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார்.

"இதை ஏன் விட்டனீங்கள்?"

அவர் திரும்பி வந்து போத்தலின் தூசியைத் துடைத்தார். "ஒக்தோபுஸ். எட்டுக் காலன்..."

"இன்னும் ஒரு சொல் எழுதியிருக்குது."

"...வுல்காரிஸ்."

சனூன் காக்கா "யா அல்லாஹ்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். மாகிறேற் போத்தலையும் அம்புறோஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கும் பேய்க்கணவாய்க்கும் ஒரே சொல்லோ!"

"ஓம்" என்றார் அம்புறோஸ்.

"சிப்பிக்கு வேற பேரே இல்லையோ?"

"இருக்குது. புதுப் புத்தகங்களில முன்பேரை மாத்திப் பின்க்தாதா எண்டு போட்டிருக்கினம். இப்ப எல்லாரும் அதைத்தான் எழுதுறது."

"அப்ப நீங்களும் அதை எழுதியிருக்கலாமே? ஏன் பழசைத் தேடி எடுத்தனீங்கள்?"

அம்புறோஸ் தரையைப் பார்த்தார். எட்டு வருடம் பெயர்களை உடைத்து அர்த்தம் சொன்ன வாய், இந்த ஒரு அர்த்தத்தைச் சொல்லத் தடுமாறியது.

"புதுப் பேரில நீங்கள் இல்லை" என்றார். "உங்கட ஞானஸ்நானச் சீட்டில மர்கரீத்தா எண்டு கிடக்குது. முத்து. பழைய பேரில அது இருக்குது. மர்கரித்திபெரா. முத்துச் சுமக்கிறவள்."

அன்னப்பிள்ளை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பின்சொல் எந்தப் பேரிலயும் இருக்குது. அதை என்னால மாத்தேலாது. மாத்தப் பார்த்தனான்." லாச்சியைத் திறந்து, கிழித்த துண்டை எடுத்து வைத்தார். "உயர்ந்தது எண்டு எழுதினனான். பிறகு கிழிச்சுப்போட்டன். பொய்யை எழுதி உங்களைக் கட்டுறதுக்கு எனக்கு மனம் வரேல்லை."

மாகிறேற் அந்த இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். எழுத்து விளங்காவிட்டாலும், கிழித்த கை விளங்கியது. பிறகு, விலை பேசுகிறவளைப் போல நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப இந்த வுல்காரிஸ், சூடை மாதிரியோ?"

"எப்பிடி?"

"அறக்குளா மீன் வாற நாளில வரும். பாரை அகப்பட்டால் அகப்படும். பெரியாக்கள் வாங்குவினம். சூடை அப்பிடியோ? அது எல்லாருக்கும் அகப்படும், எல்லாரும் வாங்குவினம். அது வராட்டி இந்த ஊரில பாதி அடுப்பு எரியாது. அதை மட்டம் எண்டு மீன் தெரிஞ்ச ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

அம்புறோஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தடித்த அகராதியில் அந்தச் சொல்லுக்கு எட்டு வரி விளக்கம் இருந்தது. எட்டு வரியிலும் இது இல்லை.

"ஓம் பிள்ளை. சூடை மாதிரித்தான்."

"இதைப் புதன்கிழமையே சொல்லியிருந்தால் நான் நாலு நாள் பட்டினி கிடந்திருக்கமாட்டன்!"

"எனக்கு அப்ப தெரியாது. இப்ப நீங்கள் சொல்லித்தான்..."

"நல்ல படிப்பு!" என்றாள் மாகிறேற். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. "ஆண்டவர் வாய் தந்திருக்கிறார். இனிமேல் என்னோட கதைக்கிறதெண்டால் வாயால கதையுங்கோ. துண்டில எழுதி ஒட்டக் கூடாது."

பெட்டியை மேசையிலிருந்து எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் சனூன் காக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு, கோயில் பக்கமாகப் பறந்தார். "சுவாமியாருக்கு ஒரு முஸ்லிம் கொண்டுபோற கலியாணச் செய்தி!" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் கோயிலில் சனம் முட்டி வழிந்தது. கதை எப்படியோ ஊருக்குள் கசிந்திருந்தது. சுவாமியார் பீடத்திலிருந்து திரும்பி, மூன்றாம் முறையாக வாசித்தார். "...இவர்கள் இருவருக்கும் இடையில் ஏதாவது தடை இருப்பதாக அறிந்தவர்கள்..."

அந்த நேரம் பார்த்து ஆண்கள் பக்கத்தில் எட்வேட் தொண்டையைக் கனைத்தார். கோயில் முழுக்கத் திரும்பியது. சுவாமியார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இருமல், சுவாமி" என்றார் எட்வேட், முகம் சிவந்து.

சுவாமியார் தாளை மடித்தார். பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் மாகிறேற்றின் தோள் குலுங்கியது. இந்த முறை அழுகையல்ல.

பூசை முடிந்து வெளியே வந்ததும், எட்வேட் அம்புறோஸைப் பெருக்கமரத்தின் நிழலுக்கு ஒதுக்கிக்கொண்டு போனார். சட்டைக் கையை இரண்டு முறை சரிசெய்தார்.

"இந்தப் பேர் உடைக்கிற விசயம்... எட்வேட் எண்டதுக்கு லத்தீனில என்ன?"

அம்புறோஸ் யோசித்தார். கூட்டத்தின் நடுவே மாகிறேற் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது லத்தீன் இல்லை, மச்சான். சுத்த இங்கிலீஸ்."

எட்வேட்டின் முகம் மலர்ந்தது.